ஒன்றும் சொல்லாமல் இருந்ததே குறையா?

தெற்கு டெல்லியிலிருந்து 61 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றை நீக்கிவிட்டு அதன் சாரத்தை முதலில் தருகிறேன்.

இவர் மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமாகிவிட்டார், மகன் வெளிநாட்டில் இருக்கிறார். சொந்த வீட்டின் மாடியில் மணிப்பூரைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் இரண்டு ஆண்டுகளாக வாடகைக்கு இருக்கிறார்கள். ஒருவர் தனியார் மருத்துவமனையில் செவிலியர், மற்றவர் கால்சென்டரில் வேலை பார்ப்பவர். கடிதம் முழுக்க இவர்கள் "பெரியவள்", "சின்னவள்" என்றே வருகிறார்கள். வடகிழக்கு மாநிலத்தவருக்கு வீடு தர அந்தத் தெருவில் பலரும் மறுத்துவந்த நிலையில், இவர் தயங்காமல் தந்திருக்கிறார். மாடியிலிருந்து மீன் வாடை இறங்கும் நாட்களில் சமையலறைச் சன்னலைச் சாத்திவிட்டுச் சாம்பிராணி போட்டுக்கொண்டாரே தவிர, ஒரு வார்த்தை சொன்னதில்லை. நள்ளிரவு தாண்டி வாசலில் வண்டி வந்து நிற்பதைப் பற்றிக் குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர் கேட்டபோதெல்லாம், "வாடகை ஒழுங்காக வருகிறது, நமக்கு என்ன" என்று சமாளித்திருக்கிறார். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் சின்னவளைப் பார்த்து "சீனாக்காரி" என்றது காதில் விழுந்தும், வம்பு வேண்டாம் என்று உள்ளே போய்விட்டார். நவராத்திரிக் கொலுவுக்குத் தெரிந்தவர்களையெல்லாம் அழைத்தவர், இவர்கள் கிறிஸ்தவர்கள், சங்கடப்படுவார்கள் என்று எண்ணிச் சுண்டலை மட்டும் வேலைக்கு வரும் பெண்ணிடம் மாடிக்குக் கொடுத்தனுப்பினார். பேச்சுக் கொடுக்கலாமே என்ற எண்ணத்தில் ஒருமுறை, "உங்கள் பக்கம் நாய்க்கறி சாப்பிடுவார்களாமே?" என்று கேட்டிருக்கிறார், அன்றிலிருந்து பெரியவள் எதிர்ப்பட்டால் தலையசைப்பதோடு சரி.

இந்த மாத இறுதியில் காலி செய்வதாகப் பெரியவள் சொல்லிவிட்டார். காரணம் கேட்டதற்கு, "ஆன்ட்டி, நீங்கள் எங்களை ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை, அதற்கு நன்றி. ஆனால் இந்த இரண்டு வருடத்தில் எங்கள் பெயரைச் சொல்லியும் நீங்கள் கூப்பிட்டதில்லை" என்று இந்தியில் சொல்லிவிட்டு மாடியேறிவிட்டாராம். "பொறுத்தார் பூமி ஆள்வார் என்று கேட்டு வளர்ந்தவள் நான். இதற்கு மேல் நான் என்ன செய்திருக்க வேண்டும்? இனி நம்மவர்களுக்கு மட்டும் வீட்டை விடலாமா? சமையல் விஷயத்தை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாமா?" என்பவை வாசகியின் கேள்விகள்.

அன்புள்ள அம்மா,

நீங்கள் வீடு கொடுத்தது சிறிய காரியமல்ல என்பதைச் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன். 2014 ஜனவரி இறுதியில், லாஜ்பத் நகர் கடைவீதியில் தன் தலைமுடியைக் கேலி செய்தவர்களோடு ஏற்பட்ட தகராறில் அடிபட்டு அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ தானியா இறந்துபோனார். வடகிழக்கு மாநிலத்தவர் பெருநகரங்களில் படும் இன்னல்களை ஆராய மத்திய அரசு பெஸ்பருவா குழுவை அமைத்தது அதற்குப் பிறகுதான். 2020-ல் கொரோனா பரவியபோது இதே நகரத்தில் இந்த முகங்களைப் பார்த்து "கொரோனா" என்று கூவியவர்கள் இருந்தார்கள். அப்படிப்பட்ட ஊரில், கேட்ட உடனே சாவியைக் கொடுத்து, இரண்டு ஆண்டுகள் ஒரு கடுஞ்சொல்கூடச் சொல்லாமல் இருந்த வீட்டுக்காரர் கிடைப்பது அரிது. பெரியவர் உங்களுக்கு நன்றி சொன்னது வெறும் சம்பிரதாயம் என்று நான் நினைக்கவில்லை.

ஆனால், "பொறுத்துக்கொண்டேன்" என்று நீங்கள் பலமுறை எழுதியிருப்பதில்தான் எனக்கு ஒரு கேள்வி எழுகிறது. பொறுமை என்பது நமக்குத் தீங்கு செய்தவரிடம் காட்ட வேண்டிய குணம். இந்தப் பெண்கள் உங்களுக்கு என்ன தீங்கு செய்தார்கள்? தங்கள் ஊர்ச் சாப்பாட்டைத் தங்கள் அடுப்பில் சமைத்தார்கள். ஷிப்ட் முடிந்து, அது முடிகிற நேரத்தில் வீட்டுக்கு வந்தார்கள். இதைப் பொறுத்துக்கொள்வதாக எண்ணத் தொடங்கிய உடனே, அவர்கள் பக்கம் பிழை என்றும் உங்கள் பக்கம் மன்னிப்பு என்றும் மனத்துக்குள் ஒரு கணக்கு திறந்துவிடுகிறது. அந்தக் கணக்கை நீங்கள் அவர்களிடம் வாய்விட்டுப் படித்ததில்லை என்பது உண்மைதான். ஆனாலும், மீன் தாளித்த ஐந்தாவது நிமிடத்தில் கீழே சன்னல் அறைந்து சாத்தப்படுவதும், சாம்பிராணிப் புகை மாடிப்படியில் ஏறுவதும் அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? பெரியவர் குறைப்பட்டுக்கொண்டது உங்கள் மௌனத்தை அல்ல என்று நினைக்கிறேன். பொறுத்துக்கொள்வதற்கு எதிரில் இருப்பவர் யார் என்று தெரிந்துகொள்ளத் தேவையே இல்லை. அதனால்தான் இரண்டு ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் இருந்தும், கடிதத்தில் அவர்களைப் பற்றி எனக்குச் சொல்ல உங்களிடம் அவ்வளவு குறைவாக இருக்கிறது.

வாடையைப் பற்றி

மாடியில் சமைக்கப்பட்டது பெரும்பாலும் "ஙாரி"யாக இருக்கும். சிறு கெண்டை வகை மீனைக் காயவைத்து, மண்பானையில் அடைத்து, காற்றுப் புகாமல் மூடி, மாதக்கணக்கில் புளிக்கவிட்டு எடுப்பது; மணிப்பூர்ப் பள்ளத்தாக்கின் "எரொம்பா" போன்ற அன்றாட மசியல் வகைகளுக்கு அதுதான் அடிப்படைச் சுவை. புளிக்கவைத்த சோயாவும் அங்கே உண்டு. நமக்கு அது தூக்கலாக இருக்கிறது என்றால், கட்டிப் பெருங்காயத்தின் பொட்டலத்தை முதன்முதலாகப் பிரிக்கும் ஒரு வெளியூர்க்காரர் முகத்தைச் சுளிப்பதையும் நாம் பார்த்திருக்கிறோம்.

இந்த விஷயத்தில் அரசு இயந்திரமே தடுமாறியிருக்கிறது. 2007-ல் டெல்லி காவல்துறை வடகிழக்கு மாணவர்களுக்காக வெளியிட்ட பாதுகாப்புக் கையேட்டில், மூங்கில் குருத்து, அகூனி என்னும் புளிக்கவைத்த சோயா முதலான மணமிக்க உணவுகளை அக்கம்பக்கத்தில் சலசலப்பு ஏற்படாதபடி சமைத்துக்கொள்ளுமாறு அறிவுரை இருந்தது. அது கடும் கண்டனத்துக்கு உள்ளானது. தொல்லைக்கு ஆளாகிறவர்களைக் காப்பதற்காக எழுதிய கையேடு, அவர்கள் சாப்பாட்டையே தொல்லையின் காரணமாக்கிவிட்டது.

அதற்காக அந்த வாடை உங்களுக்குப் பிடித்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. பிடிக்காதது குற்றமல்ல. "எனக்கு இந்த வாடை பழக்கமில்லை, தலைவலி வருகிறது, மாடிச் சமையலறையில் புகைபோக்கி விசிறி ஒன்று என் செலவில் போட்டுவிடட்டுமா?" என்று முதல் மாதமே நேராகக் கேட்டிருந்தால், அது சன்னலைச் சாத்துவதைவிட மரியாதையானதாக இருந்திருக்கும். அப்படியே, "இது என்ன, எப்படிச் செய்வது?" என்ற கேள்வியும் வந்திருக்கும். பரிவு என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சமமானவர் என்று கருதுகிறவரிடம்தான் நாம் நம் சங்கடத்தைத் திறந்து சொல்கிறோம்.

தெரிந்ததாக நினைத்துக்கொண்டவை

கடிதத்தின் மூன்றாவது பக்கத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியில் நான் நெடுநேரம் நின்றேன். ஹோலியை ஒட்டி ஒருநாள், பெரியவர் மூக்கின் நடுவிலிருந்து நெற்றிவரை மெல்லிய சந்தனக் கோடு இட்டிருந்தார், ஏதோ அலங்காரம் என்று விட்டுவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா, மணிப்பூர்ப் பள்ளத்தாக்கில் வாழும் மெய்தெய் மக்களில் பெரும்பாலோர் வைணவர்கள். 18-ஆம் நூற்றாண்டில் மன்னர் கரீப் நிவாஸ் காலத்தில் வைணவம் அங்கே அரச சமயமாயிற்று. இம்பாலின் கோவிந்தஜி கோயிலும், மணிப்பூரி நடனத்தின் ராசலீலையும் அந்த மரபிலிருந்து வந்தவை. ஹோலி நாட்களில் அவர்களுக்கு "யாவ்ஷாங்" என்று ஐந்து நாள் திருவிழா. மலைப்பகுதி நாகா, குக்கி மக்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். பள்ளத்தாக்கிலேயே பங்கல் எனப்படும் முஸ்லிம்கள் இருக்கிறார்கள். சனமாஹி என்ற பழைய வழிபாட்டைத் தொடர்பவர்களும் உண்டு. உங்கள் மாடியில் இருந்த பெரியவர் உங்களைப் போலவே கிருஷ்ணனைக் கும்பிடுகிறவராக இருக்க வாய்ப்பு அதிகம். நானும் யூகம்தான் செய்கிறேன். யூகம் போதாது என்பதுதான் இந்தப் பதிலின் சாரமே என்பதால், என் யூகத்தையும் நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒருவேளை அவர் கிறிஸ்தவராகவே இருந்தாலும், கொலுவுக்கு வருவதும் வராததும் அவர் முடிவு செய்ய வேண்டியது. சங்கடப்படுவார் என்று அவர் சார்பில் நாம் முடிவெடுத்துச் சுண்டலை மட்டும் கொடுத்தனுப்புவது, அன்பின் பெயரால் வாசலில் நிறுத்துவதுதான்.

பெயர்களை மறைப்பதற்காகத்தான் "பெரியவள், சின்னவள்" என்று எழுதினீர்களோ என்று முதலில் நினைத்தேன். அவர் சொல்லிச் சென்றதைப் படித்த பிறகு புரிந்தது. வாய்க்குள் நுழையவில்லை என்பது காரணமாக இருந்தால், ஒரு செய்தி: மெய்தெய் மக்கள் குடும்பப் பெயரை முன்னால் வைத்து, பல நேரங்களில் அதை ஓர் எழுத்தாகச் சுருக்கிக்கொள்வார்கள். குத்துச்சண்டை வீராங்கனை எல். சரிதா தேவியின் "எல்" அவரது லைஷ்ராம் என்ற குடும்பப் பெயர். அரசு அலுவலகத்தில் முப்பது வருடம் இனிஷியலை விளக்கிக் களைத்துப்போன தமிழர்களுக்கு இதைவிடப் பழக்கமான பெயர்முறை வடக்கே கிடைப்பது கடினம். காவல்துறைச் சரிபார்ப்புக்காக நீங்கள் நிரப்பிக் கொடுத்த படிவத்தின் நகல் வீட்டில் இருக்குமே. இரண்டு பெயர்களும் முழுமையாக அதில் இருக்கும். எப்படி உச்சரிப்பது என்பதை மட்டும் சின்னவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. சின்ன வயதில் மோரே என்ற ஊரில் இட்லி சாப்பிட்டதாகவும், அங்கே தமிழ்க் கோயில் இருப்பதாகவும் பெரியவர் ஒருமுறை சொன்னபோது, உங்களைச் சந்தோஷப்படுத்தச் சொல்கிறார் என்று சிரித்துவிட்டு நகர்ந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவர் சொன்னது உண்மை. இம்பாலிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர் தொலைவில், மியான்மர் எல்லையில் இருக்கிறது மோரே. 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, கடைகளும் தொழில்களும் அரசுடைமையான பிறகு, தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் கப்பலேறித் தாயகம் திரும்பினார்கள். அவர்களில் சிலர் இங்கே பிழைக்க வழியின்றித் தரைவழியாகப் பர்மாவுக்கே திரும்பிப்போக முயன்று, எல்லையைக் கடக்க முடியாமல் மோரேயில் தங்கிவிட்டார்கள். அங்காள பரமேசுவரிக்கு அங்கே கோயில் எழுப்பினார்கள். உங்கள் மாடியில் குடியிருந்தவர் உங்கள் மக்களின் ஒரு வரலாற்றைக் கையில் கொண்டுவந்து நீட்டியிருக்கிறார். "அப்படியா, அந்த இட்லி எப்படி இருந்தது?" என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

கேள்வி எப்போது விசாரணையாகிறது

நாய்க்கறிக் கேள்வியும் ஆர்வத்தில் பிறந்ததுதானே என்று நீங்கள் கேட்கக்கூடும். எங்கோ கேள்விப்பட்ட ஒன்றை எதிரில் இருப்பவர்மேல் வைத்து உறுதிப்படுத்திக்கொள்ளும் கேள்வி அது. அவர் "ஆமாம்" என்றாலும் "இல்லை" என்றாலும் பதில் சொல்ல வேண்டிய கூண்டில் ஏற்றப்பட்டுவிட்டார். டெல்லி அலுவலகங்களில் வேலை பார்த்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. "மதராசிகள் தினமும் இட்லி சாம்பார்தான் சாப்பிடுவீர்களா?", "நீங்கள் எல்லாரும் ஏன் இந்தியை எதிர்க்கிறீர்கள்?" என்று கேட்டவர்களும் சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டதாகச் சொல்லியிருப்பார்கள். அதற்கு மாறாக, கண்முன் இருக்கும் ஒன்றைப் பற்றி, நம்மைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிட்டு, பதில் வராவிட்டாலும் விட்டுவிடும் மனத்தோடு கேட்பது வேறு. "எங்கள் வீட்டில் சந்தனம் இப்படி இடுவோம், நீங்கள் இட்டிருப்பது என்ன விசேஷத்துக்கு?" என்பது அந்த வகை.

மணிப்பூர் என்பதால் கூடுதலாக ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. 2023 மே 3 அன்று மெய்தெய் மக்களுக்கும் குக்கி-ஸோ மக்களுக்கும் இடையே வெடித்த வன்முறையில் 200-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள், ஏறத்தாழ 60,000 பேர் வீட்டைவிட்டு வெளியேறினார்கள். மோரேயும் அதில் எரிந்தது. ஆகவே அந்த ஊர்ப் பெயர் பெரியவருக்கு இட்லியை நினைவூட்டியதைப் போலவே வேறு எதையும் நினைவூட்டலாம். "நீங்கள் எந்தப் பக்கம்?" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். "வீட்டில் எல்லாரும் நலமாக இருக்கிறார்களா?" என்று கேளுங்கள், அதற்கு ஒரு சொல்லில் பதில் வந்தால் அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

"சீனாக்காரி" என்று சொன்ன அந்த நாள்

உங்கள் கடிதத்தில் இதற்கு ஒரே வரிதான் ஒதுக்கியிருக்கிறீர்கள். நான் இதையே எல்லாவற்றிலும் கனமானதாகப் பார்க்கிறேன். சமையல் வாடை விஷயத்தில் நீங்கள் பேசாமல் இருந்தது உங்கள் சௌகரியத்தை விட்டுக்கொடுத்தது. இங்கே பேசாமல் இருந்தது அந்தப் பெண்ணை விட்டுக்கொடுத்தது. இரண்டையும் சகிப்புத்தன்மை என்ற ஒரே கணக்கில் எழுத முடியாது. சண்டை போட வேண்டியதில்லை. "அவள் பெயர் இது, என் வீட்டில் இருக்கிறாள், இனி இப்படிப் பேசாதீர்கள்" என்று அந்த இடத்திலேயே சொல்லும் வயதும் நிலையும் உங்களுக்கு இருந்தது. இப்போதும் தாமதமில்லை, பக்கத்து வீட்டுக்காரரிடம் அடுத்த முறை பேசும்போது சொல்லுங்கள், சொன்னதைச் சின்னவரிடமும் தெரிவியுங்கள்.

நலச் சங்கத் தலைவரைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உங்களிடம் இருக்கிறது. உங்கள் வீட்டில் யார் குடியிருக்கலாம், எத்தனை மணிக்கு வீடு திரும்பலாம் என்று தீர்மானிக்கும் சட்ட அதிகாரம் அந்தச் சங்கத்துக்குக் கிடையாது. வாடகையைக் காரணம் காட்டி அவரைச் சமாளிக்க வேண்டிய அவசியமும் உங்களுக்கு இல்லை. "செவிலியர், இரவுப் பணி" என்ற இரண்டு சொல் போதும். அச்சுறுத்தலோ இழிசொல்லோ தொடர்ந்தால், வடகிழக்கு மாநிலத்தவருக்கென்று டெல்லி காவல்துறையில் தனிப்பிரிவு இருக்கிறது. அதன் உதவி எண் 1093. இழிவுபடுத்தப்பட்டவர் பழங்குடியினர் பட்டியலில் உள்ள சமூகத்தவராக இருந்தால் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் துணைக்கு வரலாம். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதைப் பாதிக்கப்பட்டவர் முடிவு செய்யட்டும். சாட்சி சொல்லத் தயார் என்பதை நீங்கள் சொல்லிவையுங்கள்.

ஒப்பந்தமும் "நம்மவர்களும்"

சட்டப்படி பார்த்தால், தனியார் வீட்டை யாருக்கு வாடகைக்கு விடுவது என்பதில் உங்களுக்குப் பரந்த உரிமை இருக்கிறது. அரசியலமைப்பின் 15-ஆவது பிரிவு முதன்மையாக அரசைக் கட்டுப்படுத்துவது. வீட்டுக்காரரின் தேர்வை நேரடியாகத் தடுக்கும் பொதுவான சட்டம் நம்மிடம் இல்லை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதால் நீங்களும் வழக்கமான 11 மாத ஒப்பந்தம்தான் போட்டிருப்பீர்கள். அதில் இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் நிபந்தனையைச் சேர்க்கலாம். ஆனால் "மீன் சமைக்கக் கூடாது" என்று எழுதிவிட்டு ஒரு தூத்துக்குடிக் குடும்பத்தைக் குடிவைத்தீர்களானால், முதல் ஞாயிற்றுக்கிழமையே நெத்திலிக் கருவாடு உங்களை வந்து விசாரிக்கும். நம்மவர் என்று நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் வட்டம், யோசித்துப் பார்த்தால், மொழியைவிட மிகச் சிறியது. புகைபோக்கி விசிறி, பராமரிப்பு, தண்ணீர், சத்தம் ஆகியவை பற்றி எல்லாருக்கும் பொருந்துவதாக எழுதுங்கள். யாருடைய சாப்பாட்டையும் பெயர் சொல்லி எழுதாதீர்கள்.

மாத முடிவுக்குள் என்ன செய்யலாம் என்பதை மட்டும் சொல்லி முடிக்கிறேன். பெரியவரை மனம் மாற்றி இருக்கச்செய்ய முயலாதீர்கள். அது உங்கள் ஆறுதலுக்காக அவரிடம் இன்னொன்று கேட்பதாகிவிடும். அவருக்கு இரவுப் பணி இல்லாத ஒரு மாலையில், நீங்களே மாடியேறிப் போய், பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நாய்க்கறிக் கேள்வி தவறு என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். உங்கள் நல்லெண்ணத்தை விளக்கத் தொடங்கினால், அவர் உங்களைத் தேற்ற வேண்டிய நிலை வந்துவிடும். உள்ளே அழைத்தால் உட்காருங்கள், அழைக்காவிட்டால் இறங்கிவிடுங்கள். சின்னவர் தொடர்ந்து இருக்கப்போகிறாரா என்பது உங்கள் கடிதத்தில் இல்லை; அதைப் பெரியவர் வழியாக ஊகிக்காமல் அவரிடமே தனியாகக் கேளுங்கள், புதிதாக வரும் தோழியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் அவருக்கே கொடுங்கள். முன்பணத்தில் சுவரில் ஏறிய வாடைக்கென்று வெள்ளையடிப்புச் செலவைப் பிடிக்காதீர்கள். இரண்டு ஆண்டு குடியிருந்த வீட்டுக்கு அது வழக்கமான தேய்மானம்தான். மின்கட்டணக் கணக்கை முடித்து, மீதித் தொகையை அவர் வீடு மாறும் நாளிலேயே கையில் கொடுத்துவிடுங்கள்; புதிய வீட்டுக்கு முன்பணம் கட்ட அது அவருக்கு உடனே தேவைப்படும்.